துடியான கை

கரைவலையின் மீன் நிறைந்த மடி மணலில் ஏறியதும் முதலில் கேட்பது மீனின் சத்தம்தான். நூறு பேர் ஈரக் கைகளால் ஒன்றாகத் தட்டுவதுபோல் இருக்கும். சாய்ந்தமருதுக் கடற்கரையில் காத்து நிற்கும் வியாபாரிகள் அந்தக் குவியலுக்குள் கையை விட்டு, இன்னும் அடங்காத மீனாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் சொல் ‘துடியான மீன்’. துடி என்றால் பழைய காலத்துப் பறை என்று பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார்கள் சொல்லுவார்கள். கடற்கரைக்கு அது தெரியாது. உயிர் போகாமல் மணலில் அடித்துக்கொண்டு கிடப்பது எதுவோ, அது துடியானது. அவ்வளவுதான்.

அந்தச் சொல்லை ஒரு மனிதன்மேல் முதலில் ஏற்றியவர் கனகரெத்தினம். பெரியநீலாவணையிலிருந்து சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு மீன் எடுக்க வருகிறவர். வலையிழுக்கும் ஆட்களில் நூஹு என்றொரு இளைஞன், மற்றவர்கள் மூச்சு வாங்கி நிற்கும்போதும் கயிற்றை விடாமல் தனியே பின்னால் சாய்ந்து இழுப்பதை அவர் பார்த்திருந்தார். ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னார்:

“இவன் துடியான ஆள் கண்டியளே. மடிக்குள்ள இருந்து தவறி விழுந்த சூரை மாதிரி.”

கடற்கரை சிரித்தது. நூஹுவும் சிரித்தான். அன்று பிடித்த பேர் அவனை விடவில்லை. துடி நூஹு என்றால்தான் மீன் வாடியிலும் தெரியும், பள்ளிவாசலிலும் தெரியும்.

கேட்க நன்றாக இருந்த பேர்தான். ஆனால் நூஹுவின் கைக்கு அந்தப் பேர் கேட்டுவிட்டது. யாருடைய வலை முதலில் கடலில் இறங்குவது என்ற சண்டையில் இரண்டு தோணிக்காரர்கள் முட்டிக்கொண்டால், ஒரு பக்கத்தார் ஓடிவந்து நூஹுவைக் கூட்டிப்போவார்கள். அவன் நியாயம் கேட்க மாட்டான். துடுப்பை எடுப்பான். தோள்பட்டை உடைந்தவர்கள், பல் போனவர்கள் என்று கரையில் ஒரு கூட்டம் அவனைக் கண்டால் விலகி நடந்தது. வீட்டில் மனைவி றபீக்காவை அவன் ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் கோபம் வந்தால் கதவை அடிப்பான், அடுப்பில் கொதிக்கிற சட்டியை முற்றத்துக்கு உதைப்பான். சிதறிய சோற்றை றபீக்கா தலை தூக்காமல் பொறுக்குவாள். மகள் நஸீறா சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

கடலில் வேலையில்லாத மாதங்களில் நூஹு சீனடி ஆடுவான். கம்பும் காலும் கையும் கலந்த அந்த விளையாட்டு இல்லாமல் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கலியாணம் நடக்காது. மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்குக் கூட்டி வரும்போது அவன் பக்கத்து ஆட்டக்காரர் முன்னால் வருவார். பெண் வீட்டுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கையின் வாசலில் பெண் பக்கத்து ஆட்டக்காரர் கம்போடு எதிரே நிற்பார். வணக்க அடிகளான சலாம் வரிசை எடுத்து இருவரும் ஆடுவார்கள். கடைசி அடி முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட வேண்டும். அது எழுதாத சட்டம்.

எழுபத்தேழாம் ஆண்டு மருதமுனையில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை சாய்ந்தமருது, நூஹு அவன் பக்கத்து ஆட்டக்காரன். எதிரே பெண் பக்கத்துக்கு நின்றவர் அச்சிமுகம்மது. தறியில் உடுக்கிற சாரம் நெய்கிறவர், மெலிந்த ஆள், ஆட்டத்தில் மட்டும் பூனை. நூஹுவின் நாலு அடியை அவர் சிரித்துக்கொண்டே தட்டிவிட்டார். ஐந்தாவதில் நூஹுவின் கம்பு கையை விட்டுத் தெறித்துப் போனது. மருதமுனைப் பெண்கள் வேலிக்குள் நின்று குரவை இட்டார்கள். நூஹு குனிந்து கம்பை எடுத்தபோது பின்னால் நின்ற அவன் ஊர்க்காரன் ஒருவன், “துடியாக் குடு மச்சான்” என்றான்.

கொடுத்தான். கடைசி அடி ஒரு சாண் தள்ளி நிற்கவில்லை.

அச்சிமுகம்மது இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தார். விரல்களுக்கிடையால் வழிந்தது இரத்தம் மட்டுமல்ல. குரவை அப்படியே நின்றுபோனது. வலது கண் அன்றோடு போயிற்று. இரண்டு ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்கார்மாரும் பள்ளிவாசலில் கூடிப் பேசித் தீர்த்தார்கள். நூஹு மன்னிப்புக் கேட்டானா என்றால் இல்லை. ஆட்டத்தில் பட்டது, நான் என்ன செய்ய என்று கேட்டான். அவன் ஊர் அதையும் துடி என்றுதான் சொன்னது. சொல்லும்போது குரல் மட்டும் கொஞ்சம் தணிந்தது.

அடுத்த வருடம் கார்த்திகையில் சூறாவளி அடித்தது. தென்னைகள் வேரோடு விழுந்து வீடுகளைப் பிளந்தன. அன்று நூஹு உலக்கையால் சுவரை இடித்து, உள்ளே நசுங்கிக் கிடந்தவர்களை இழுத்து எடுத்தான். ஓடு கிழித்த முதுகோடு பிள்ளைகளைத் தூக்கிப் பள்ளிவாசலில் கொண்டுபோய்ப் போட்டான். அப்போது ஊரே அவனைத் துடியான மனிசன் என்று வாயார வாழ்த்தியது. கண் போன அச்சிமுகம்மதுவை எல்லாரும் மறந்தார்கள். மறக்காதவர் அச்சிமுகம்மது ஒருவர்தான்.

எண்பத்தைந்தில் சொல் மீண்டும் புரண்டது. தமிழர், முஸ்லிம் என்ற இரண்டு சமூகத்துக்கும் நடுவில் தீ வைத்த நாட்கள் அவை. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒன்றையொன்று பார்த்துப் பயந்தன. கடற்கரையில் மாட்டிக்கொண்ட கனகரெத்தினத்தை நாலைந்து பேர் சுற்றி வளைத்துச் சைக்கிளோடு கொளுத்தப் பார்த்தார்கள். நூஹு துடுப்போடு பாய்ந்தான். தன் ஊர்க்காரர் இருவரின் கையை முறித்தான். கனகரெத்தினத்தைத் தோணியில் படுக்க வைத்து வலையால் மூடி, கடலால் கொண்டுபோய்ப் பெரியநீலாவணையில் இறக்கிவிட்டு வந்தான். கை முறிந்தவர்களின் உறவுக்காரர் இப்போது துடியான நாய் என்றார்கள். அதே காலத்தில் எல்லா ஊரிலும் பொடியன்கள் இயக்கங்களில் சேர வீட்டை விட்டுக் காணாமல் போகத் தொடங்கியிருந்தார்கள். ‘ஒங்கட மகன் துடியான பொடியன்’ என்று யாராவது சொன்னால் தாய்மாரின் முகம் வெளிறியது. கடற்கரையில் பிறந்த சொல் அந்த வருடம் வீட்டுக்குள் சொல்லக்கூடாத சொல்லாயிற்று.

அதன் பாரம் முழுதும் நஸீறாவின் தலையில் விழுந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ வேண்டும். அதாவது நஸீறாவை முடிக்கிறவன் துடி நூஹுவின் வளவில் தூங்கி எழும்ப வேண்டும். பெண் கேட்டு வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள், நல்ல பிள்ளை என்றார்கள், வீட்டைப் பார்த்தார்கள், உதை வாங்கிப் பிளந்த கதவைப் பார்த்தார்கள், திரும்பி வரவில்லை. ஒரு கிழவி மட்டும் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போனாள்.

“புள்ள தங்கம்தான் மகள். ஆனா எண்ட பேரன் ரெண்டு கண்ணோட உள்ளுக்குப் போய் ரெண்டு கண்ணோட வெளிய வரணுமே.”

அன்று நஸீறா அழவில்லை. றபீக்காதான் அழுதாள். நூஹு முற்றத்தில் நின்றான். உதைப்பதற்கு எதுவும் இல்லாதவன்போல் நின்றான். பத்தொன்பது வயது மகள் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்து, கால் கழுவிக்கொண்டு வரும்படி சொன்னாள். ஒரு குற்றச்சாட்டும் இல்லாத அந்தக் குரல் அவனை அறுத்தது.

எண்பத்தாறு நோன்புப் பெருநாள் கழிந்து பெண் கேட்டு வந்தவள் ஆமினா உம்மா. மருதமுனைக்காரி, விதவை. அவள் அச்சிமுகம்மதுவின் கூடப்பிறந்த தங்கை. பேரைக் கேட்டதும் றபீக்கா எழும்பிப் பாயை விரித்தாள். ஆமினா உம்மா பாயில் உட்கார்ந்து, தன் மகன் ஜெமீல் கல்முனைச் சந்தைக்குச் சாரம் கொண்டுவரும்போது நஸீறாவைக் கண்டிருக்கிறான், வேறு பெண் வேண்டாமென்கிறான் என்று நிதானமாகச் சொன்னாள். தமையனிடம் பேசிவிட்டதாகவும், அவர் மூன்றாம் நாள் சரி என்றதாகவும் சொன்னாள். தனக்கு ஒரேயொரு நிபந்தனை. நூஹு பள்ளிவாசலில் வைத்துச் சத்தியம் பண்ண வேண்டும், இனி ஒரு மனிதன்மேல் கை ஓங்குவதில்லை என்று. ஒருமுறை ஓங்கினாலும் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன் நூஹு. ஆமினா உம்மா கேட்டது கையை ஓங்காதிருக்க. நூஹு மார்க்கப் பெரியவரான லெவ்வைக்கு முன்னால் நின்று, கம்பையே இனித் தொடமாட்டேன், செத்தாலும் தொடமாட்டேன் என்று கூட்டிச் சத்தியம் பண்ணினான். வீட்டுக்கு வந்து கம்புகளை எல்லாம் அடுப்பில் வைத்தான். இதைக் கேள்விப்பட்ட ஆமினா உம்மாவுக்கும் அதைத் தமையனிடம் சொல்லத் தோன்றவில்லை.

அங்கேதான் பிழை நடந்தது. அச்சிமுகம்மது சரி என்றதற்கு அவர் மனதில் ஒரு காரணம் இருந்தது. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் அவர். முன்னால் ஆடி வருகிறவரும் அவர்தான். பெண்ணின் வாப்பா ஆட்டக்காரனாக இருந்தால், ஒழுங்கை வாசலில் அவனே கம்போடு நின்று, வருகிறவரின் காலடியில் தன் கம்பைத் தாழ்த்திச் சலாம் கொடுக்க வேண்டும் என்பது மருதமுனை வழக்கம். ஒன்பது வருடம் ஒற்றைக் கண்ணால் நூல் கோத்தவர் அந்தச் சலாமை மட்டுமே கேட்டார். வாய்விட்டு மன்னிப்புக் கேட்க வேண்டாம். கம்பு மண்ணைத் தொட்டால் போதும். அது வழக்கம்தானே, தானாக நடக்கும் என்று அவரும் யாருக்கும் சொல்லவில்லை.

ஊரடங்குக் காலம் என்பதால் மாப்பிள்ளையைப் பகலிலேயே கூட்டி வந்தார்கள். பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து றபான் பறைச் சத்தம் கேட்டது. வெள்ளைச் சாரமும் கோட்டும் தொப்பியுமாக ஜெமீல். அவனுக்கு முன்னால், வலது கண் இருந்த இடத்தில் தோல் சுருங்கிய முகத்தோடு, கம்பைச் சுழற்றிக்கொண்டு அச்சிமுகம்மது. ஒழுங்கை வாசலில் நூஹு வெற்றிலைத் தட்டோடு நின்றான். அவன் கையில் கம்பில்லை.

அச்சிமுகம்மது சலாம் வரிசை எடுத்து முடித்து எதிர்ச் சலாமுக்காக நின்றார். றபான் ஓய்ந்தது. ஒருவன் ஓடிவந்து நூஹுவின் காலடியில் ஒரு கம்பைப் போட்டான். நூஹு அதைப் பார்த்தான், எடுக்கவில்லை.

“எடு நூஹு.” அச்சிமுகம்மதுவின் குரல் மெல்லியதாகத்தான் இருந்தது.

“ஏலாது மச்சான். நான் கம்பத் தொடமாட்டன்.”

“எனக்கு முன்னால தொடமாட்டாய்.”

நூஹு வாய் திறந்தான். பள்ளி என்ற சொல் பாதியில் நின்றது. கம்பு அவன் இடது தாடையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வேலிக்குள் நின்ற பெண்களுக்கும் கேட்டது. வெற்றிலைத் தட்டு மண்ணில் உருண்டது. நூஹு ஆடிப்போய் வேலியில் சாய்ந்து மீண்டும் நிமிர்ந்தான். வாயால் இரத்தமும் ஒரு பல்லும் வந்தன. பேச்சு வரவில்லை. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது.

“தூக்குடா கம்ப. கண்ணத் தோண்டத் தெரிஞ்ச கைதானே? தூக்குடா.”

இரண்டாவது அடி தோளில். மூன்றாவது காதோடு சேர்த்து. நூஹுவின் வலது கை தானாக எழும்பியது. அந்தக் கையை ஊர் முழுவதும் அறியும். மாப்பிள்ளைக் கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. வேலிக்குள்ளிருந்து நஸீறாவின் குரல், “வாப்பா” என்று ஒரே ஒருதரம். எழும்பிய கையை நூஹு தன் மறு கையால் பிடித்தான். ஒரு மிருகத்தைக் கழுத்தில் பிடிப்பதுபோலப் பிடித்து, நெஞ்சோடு அழுத்தி வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அவன் ஊர் இளைஞர்கள் பாய்ந்தார்கள். துடுப்பும் உலக்கையும் கத்தியும் வந்தன. மாப்பிள்ளைப் பக்கத்தாரும் கம்புகளை இறுக்கினார்கள். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அந்த ஒழுங்கையில் எத்தனை மையத்து விழுந்திருக்குமோ அல்லாஹ்தான் அறிவான். சத்தம் போட்டுத் தடுக்க நூஹுவுக்கு வாயில்லை. அவன் அச்சிமுகம்மதுவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். தன் ஆட்களைப் பார்த்து, இரண்டு கையையும் வேலியிலிருந்து வேலி வரை விரித்து நின்றான். அவனை அடிக்காமல் அவர்கள் தாண்ட முடியாது. அவர்களில் ஒருவனுக்கும் அவனை அடிக்கத் துணிவில்லை.

விரித்த முதுகில் அச்சிமுகம்மது அடித்தார். ஒன்று, இரண்டு. சட்டை கிழிந்தது. சூறாவளி நாளில் ஓடு கிழித்த பழைய வடுவின்மேல் புதிய தோல் பிளந்தது. நூஹு அசையவில்லை. மூன்றாவதற்கு ஓங்கிய தமையனின் காலை ஓடிவந்த ஆமினா உம்மா கட்டிக்கொண்டாள்.

“காக்கா, அவர் பள்ளியில சத்தியம் பண்ணின மனிசன். கம்பத் தொடமாட்டன் எண்டு சத்தியம். நான்தான் ஒங்களுக்குச் சொல்லல்ல.”

ஓங்கிய கம்பு அந்தரத்தில் நின்றது. அச்சிமுகம்மது தங்கையைப் பார்த்தார். கிழிந்த முதுகைப் பார்த்தார். அவர் கேட்டது சலாம்தான், கிடைத்தது இது. அதை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. கம்பை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டு, ஒழுங்கை முனையில் கிடந்த தென்னங்குற்றியில் போய் இருந்தார். கலியாண வீட்டுக்குள் வரவேயில்லை.

ஆனால் நிக்காஹ் இன்னும் நடக்கவில்லை. லெவ்வை தயங்கினார். பெண்ணின் வாப்பா வாயால் சொல்லித்தான் பெண்ணைக் கொடுக்க வேண்டும், அல்லது தனக்குப் பதிலாகச் சொல்ல ஒருவரை வாயால் நியமிக்க வேண்டும். தலையாட்டினால் போதுமென்று சிலர் சொன்னார்கள். பேசத் தெரிந்த மனிதன் தலையாட்டினது செல்லாது, நாளைக்குக் கதை வரும் என்றார் மாப்பிள்ளைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. திரைக்குப் பின்னால் றபீக்கா யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

“இண்டைக்குத் திரும்பிப் போற மாப்புள இனி வராது.”

நூஹுவுக்குக் கேட்டது. அவன் தலைப்பாகையை அவிழ்த்தான். தாடையைக் கையால் தூக்கி இடத்தில் வைத்து, துணியை நாடியிலிருந்து உச்சி வரை சுற்றி இறுக்கி முடிந்தான். முடியும்போது அவன் கண்கள் மேலே செருகின. பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு தவழ்ந்து வந்து ஜெமீலுக்கு எதிரே இருந்து அவன் கையைப் பிடித்தான்.

முதல்தரம் வந்தது சொல்லாக இல்லை, இரத்தமாக வந்தது. லெவ்வை விளங்கவில்லை என்றார். இரண்டாவது தரம் மகளின் பேர் மட்டும் விளங்கியது. லெவ்வையின் கண்கள் கலங்கியிருந்தன. போதும் நூஹு என்றார். நூஹு தலையை ஆட்டி மறுத்தான். பற்களுக்கிடையால், ஒவ்வொரு சொல்லையும் கயிறு இழுப்பதுபோல் இழுத்து எடுத்துச் சொன்னான்:

“எண்ட மகள் நஸீறாவ... ஒனக்கு நிக்காஹ் செஞ்சு தந்திட்டன்.”

“ஏற்றுக்கொண்டேன்” என்றான் ஜெமீல். நூஹுவின் பிடி அதற்குப் பிறகுதான் தளர்ந்தது. நூஹு அவன் மடியிலேயே சரிந்தான்.

நூஹு பிழைத்தான். தாடை கோணலாகத்தான் பொருந்தியது. கடலுக்கு அவன் மீண்டும் போகவில்லை. அவன் விரித்து நின்ற கைகளை ஒழுங்கையில் நின்ற எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஊர் சில மாதம் துடி என்ற சொல்லை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தது. பிறகு பிரசவ வலியை வாய்விடாமல் தாங்கிய ஒரு பெண்ணை மருத்துவிச்சி துடியான புள்ள என்றாள். இழவு வீட்டில் நிலைகுலையாமல் நின்ற ஒருவனை இன்னொருவர் அப்படிச் சொன்னார். இளைஞர்கள் மட்டும் இப்போதும் பழைய பொருளில்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அச்சிமுகம்மது அந்தச் சொல்லை எந்தப் பொருளிலும் சொன்னதில்லை. தங்கை வீட்டு விருந்துகளுக்கு வருவார், நூஹுவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். இருவரும் பேசிக்கொண்டதாக யாரும் சொல்லவில்லை.

கலியாணத்தன்று நூஹுவை ஆஸ்பத்திரிக்கு வான் வண்டியில் ஏற்றியபோது, மாப்பிள்ளைக் கோலத்தோடு ஜெமீலும் ஏறினான். மாமனாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். தடுக்க வந்தவர்களைக் கவனிக்கவில்லை. அலங்கரித்த அறையில், மருதோன்றி வைத்த கையோடு, நஸீறா இரவு முழுவதும் உம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். கட்டிலில் யாரும் படுக்கவில்லை. ஆக்கிய சோறு அண்டாவோடு அயல் வீடுகளுக்குப் போனது.

மறுநாள் மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும் நேரம் ஜெமீல் தனியே நடந்து வந்தான். உடம்பில் கோட்டு இல்லை. வெள்ளைச் சாரத்தில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பிளந்த கதவருகில் நின்ற நஸீறாவை அப்போதுதான் அவன் முகத்துக்கு முகம் பார்த்தான். வருகிற வழியெல்லாம் என்ன சொல்வதென்று யோசித்திருப்பான் போலும். அதெல்லாம் மறந்துபோய், கட்டின மனைவியோடு முதன்முதல் கதைத்த கதை இதுதான்:

“வாப்பா கஞ்சி குடிச்சிட்டார், புள்ள.”